அந்த 19 பேர் யார்? வெரிகோசீல் விந்தணுப் புரத ஆய்வுகள் கேட்காமல் விட்ட கேள்வி

வெரிகோசீலையும் விந்தணுப் புரதங்களையும் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைக் கொஞ்ச நாளாக வரிசையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். பத்துப் பன்னிரண்டு கட்டுரை தாண்டியதும் ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டது. பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. ஆரம்பத்தில் இந்தப் பிரச்சினை எத்தனை ஆண்களுக்கு இருக்கிறது என்ற கணக்கு. நடுவில் கூடிய புரதங்கள், குறைந்த புரதங்கள் என்று நீளமான அட்டவணை. பக்கத்தில் சிலந்தி வலை மாதிரி கலர் கலராக ஒரு படம். கடைசிப் பத்தியில், இந்தப் புரதங்கள் வருங்காலத்தில் நோயறியவும் சிகிச்சையைத் தீர்மானிக்கவும் உதவக்கூடும் என்று ஒரு நம்பிக்கை.

நான் இங்கே கேள்வி கேட்கப்போவது அந்தக் கடைசிப் பத்தியை. நடுவில் இருக்கிற உழைப்பை அல்ல. அது நிஜமான உழைப்பு.

முதலில் அடிப்படை

விதையிலிருந்து ரத்தத்தைத் திரும்ப எடுத்துப்போகும் சிரைகள் கொடி படர்ந்த பந்தல் மாதிரி பின்னிக்கிடக்கின்றன. அவற்றின் வால்வுகள் சரியாக மூடாமல் ரத்தம் கீழேயே தேங்கி, சிரைகள் புடைத்துச் சுருண்டுகொண்டால் அதுதான் வெரிகோசீல். காலில் வருகிற வெரிகோஸ் வெயினுக்குப் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் இடது பக்கம்தான் வரும். இடது பக்கச் சிரை நீளமானது; சிறுநீரகச் சிரையில் செங்குத்தாகப் போய் முட்டுகிறது. வலது பக்கத்துச் சிரையோ வயிற்றின் பெரிய சிரையில் சாய்வாக, சுலபமாகக் கலந்துவிடுகிறது.

விந்தணு ஒழுங்காக உருவாக, விதை உடம்பின் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டும். ரத்தம் தேங்கினால் அந்தக் குளிர்ச்சி போகிறது. ஆக்சிஜன் ஓட்டமும் கெடுகிறது. செல்களைத் துருப்பிடிக்க வைக்கிற ஆக்சிஜனேற்ற அழுத்தம் கூடுகிறது. இதுவரை பெரிய சண்டை இல்லை.

சண்டை அடுத்த படியில் ஆரம்பிக்கிறது. பொதுவாகச் சொல்லப்படும் கணக்குப்படி ஆண்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கு வெரிகோசீல் உண்டு. அவர்களில் பெரும்பாலானவர்கள் எந்த வைத்தியமும் இல்லாமல் அப்பா ஆகிறார்கள். தனக்கு இது இருப்பதே தெரியாமல் பேரன் பேத்தி எடுத்தவர்களும் உண்டு. குழந்தையில்லை என்று வருகிற ஆண்களில் இது 35 முதல் 40 சதவீதம் வரை போகிறது. உலக சுகாதார நிறுவனம் 1992-ல் வெளியிட்ட ஆய்வில், குழந்தையின்மை மருத்துவமனைகளுக்கு வந்த 9,034 ஆண்களைப் பார்த்தார்கள். விந்துப் பரிசோதனையில் குறை இருந்தவர்களில் 25.4 சதவீதம் பேருக்கு வெரிகோசீல். பரிசோதனை சரியாக இருந்தவர்களில் 11.7 சதவீதம் பேருக்கு.

இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். வெரிகோசீலுக்கும் விந்தின் தரத்துக்கும் தொடர்பு இருக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் வெரிகோசீல் இருந்தும் எண்கள் சரியாக இருக்கிற ஆண்களும் ஏராளம். ஒருவருக்கு அது தொல்லை, இன்னொருவருக்கு அது சும்மா ஒரு புடைப்பு. ஏன்? முழு விவகாரமும் இந்த ஏனில்தான் இருக்கிறது.

புரதத்தை ஏன் தேடுகிறார்கள்?

வழக்கமான விந்துப் பரிசோதனை தலையை எண்ணும், வால் ஆடுகிறதா என்று பார்க்கும், உருவம் சரியா என்று பார்க்கும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ் எல்லை ஒரு மில்லிலிட்டருக்கு 1.6 கோடி விந்தணு. அதற்கு மேல் இருந்தால் எல்லாம் நலம் என்று அர்த்தமில்லை, கீழே இருந்தால் குழந்தையே பிறக்காது என்றும் அர்த்தமில்லை. ஆனாலும் ரிப்போர்ட்டில் எண் சரியாக இருந்தால் வீட்டில் பார்வை உடனே பெண் பக்கம் திரும்பிவிடுகிறது. மலடி என்ற சொல் நம் நாக்கில் தயாராக இருக்கிற அளவுக்கு அதன் ஆண்பால் தயாராக இல்லையே. அந்த வகையில், ஆணின் அணுவுக்குள்ளே போய்ப் பார்ப்போம் என்று கிளம்பிய எந்த ஆராய்ச்சிக்கும் என் முதல் வணக்கம்.

உள்ளே போய்ப் பார்க்கப் புரதம்தான் சரியான இடம். முதிர்ந்த விந்தணு கிட்டத்தட்ட வாயடைத்துப்போன செல். அதன் டி.என்.ஏ.வில் பெரும்பகுதி ஹிஸ்டோன்களை விட்டுவிட்டு புரோட்டமின் என்ற புரதத்தில் இறுகச் சுருட்டப்பட்டிருக்கும். புதிதாக மரபணுக்களை வாசித்துப் புரதம் செய்துகொள்ள அதற்கு அநேகமாக வழியில்லை. விதையில் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறும், எபிடிடிமிஸ் என்ற குழாயைக் கடக்கும்போது வழியில் சேர்த்துக்கொண்டதும்தான் அதன் கையிருப்பு. கட்டுச்சோறு மூட்டையைப் பிரித்துப் பார்த்தால் வீட்டு நிலவரம் தெரியும் அல்லவா? 2014-ல் வந்த ஒரு தொகுப்பு, அதுவரையான ஆய்வுகளைச் சேர்த்து மனித விந்தணுவில் 6,198 புரதங்களைப் பட்டியலிட்டது. ஆக, பார்ப்பதற்கு நிறையவே இருக்கிறது.

பார்த்தவர்களுக்குச் சில விஷயங்கள் திரும்பத் திரும்பக் கிடைத்தும் இருக்கின்றன. அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக்கில் அசோக் அகர்வாலின் குழு, ஒரு பக்க வெரிகோசீல், இரு பக்க வெரிகோசீல் என்று பிரித்து 2015, 2016 ஆண்டுகளில் வரிசையாகக் கட்டுரைகள் வெளியிட்டது. கட்டாக்கில் ராவன்ஷா பல்கலைக்கழகத்தின் லூனா சமந்தா அந்தக் குழுவோடு சேர்ந்து 2018-ல் வெளியிட்ட கட்டுரை, விந்தணுவின் மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றல் தயாரிக்கும் சங்கிலியின் புரதங்கள் குறைந்திருப்பதைக் காட்டியது. ஹெச்.எஸ்.பி.ஏ.2 என்ற துணைப் புரதம் அடிக்கடி தலைகாட்டுகிறது. மற்றப் புரதங்களை ஒழுங்காக மடித்துவைக்கிற வேலை அதற்கு. கருமுட்டையின் உறையில் விந்தணு ஒட்டிக்கொள்ளவும் அது தேவை. சூடு, ஆக்சிஜனேற்ற அழுத்தம், களைத்த மைட்டோகாண்ட்ரியா, நீந்த முடியாத அணு. கதை ஒன்றோடொன்று பொருந்துகிறது.

பொருந்துகிற கதையில்தான் எனக்குக் கொஞ்சம் உதைக்கிறது.

யாரோடு யாரை ஒப்பிட்டார்கள்?

இந்த வகைக் கட்டுரைகளில் அதிகம் காணக்கிடைக்கும் ஒப்பீடு இது: ஒரு பக்கம் வெரிகோசீலும் இருந்து குழந்தையும் இல்லாத ஆண்கள், இன்னொரு பக்கம் வெரிகோசீலும் இல்லாமல் குழந்தையும் பெற்ற ஆண்கள். இரண்டு பக்கமும் ஒரு விஷயத்தில் மட்டுமா வேறுபடுகிறது? சிரை வேறு, விந்தணு எண்ணிக்கை வேறு, நீந்தும் வேகம் வேறு, முதிர்ச்சி வேறு. பல நேரம் வயதும் வேறு. இதில் ஒரு புரதம் குறைந்திருந்தால் அது எதனால் குறைந்தது?

ஹெச்.எஸ்.பி.ஏ.2-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். முதிராத விந்தணுவில் அது குறைவாக இருக்கும் என்பது வெரிகோசீல் கதைக்கு வெளியிலேயே நிலைநாட்டப்பட்ட விஷயம். விந்தணு முதிராமல் போக வெரிகோசீல் ஒரு காரணம் மட்டும்தான். ஆக அந்தப் புரதம் சொல்வது, இந்த அணு சரியாக வேகவில்லை என்பதை. அடுப்பில் என்ன கோளாறு என்பதை அது சொல்லவில்லை.

சரியான ஒப்பீட்டுக்கு நான்கு மூலையும் வேண்டும். வெரிகோசீல் உண்டு, குழந்தை இல்லை. வெரிகோசீல் உண்டு, குழந்தையும் உண்டு. வெரிகோசீல் இல்லை, குழந்தையும் இல்லை. இரண்டு பிரச்சினையும் இல்லாதவர். இரண்டாவது மூலையில் இருப்பவர்தான் எனக்கு முக்கியம். அதே புடைப்பு, அதே சூடு, ஆனாலும் தப்பித்துக்கொண்டவர். அவரிடம்தான் பதில் இருக்கிறது. பல கட்டுரைகளில் அவரைக் காணவே காணோம்.

இதைச் செய்ய முடியாது என்று சொல்வதற்கும் இல்லை. பிரேசிலின் சாவோ பாலோவில் ஒரு குழு 2013-ல் பதின்வயதுப் பையன்களின் விந்துநீரை ஆராய்ந்தபோது மூன்று குழுக்களாகப் பிரித்தது: வெரிகோசீல் இல்லாதவர்கள், வெரிகோசீல் இருந்தும் விந்து சரியாக இருப்பவர்கள், இரண்டும் கெட்டவர்கள். மூன்றாவது குழுவில் ஐ.ஜி.எஃப்.பி.பி.7 என்ற புரதம் தனித்துத் தெரிந்தது. நான் கேட்கிற நான்கு மூலை இதில் இல்லை. பையன்கள் என்பதால் அப்பா ஆவார்களா என்றும் தெரியாது. ஆனால் நடுவில் அந்த ஒரு குழுவைச் சேர்த்ததாலேயே, சிரை புடைத்ததன் தடயம் எது, விந்து கெட்டதன் தடயம் எது என்று பிரிக்க ஒரு வழி பிறந்தது. இந்தத் துறையில் எனக்குப் பிடித்த வடிவம் இதுதான்.

ஒரே அண்டாவில் ஐந்து வீட்டு ரசம்

இரண்டாவது குறை, மாதிரிகளைக் கலப்பது. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஒரு ஓட்டம் ஓட்டச் செலவு அதிகம். சில நோயாளிகளிடம் கிடைக்கும் விந்தணுவோ கொஞ்சம். அதனால் பலருடைய விந்தணுக்களை ஒன்றாகக் கலந்து ஒரே மாதிரியாக ஓட்டுவது இங்கே பழக்கம். கிளீவ்லண்ட் கட்டுரைகளிலும் இது உண்டு. தேடலின் முதல் கட்டத்தில் இதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் விலை ஒன்று இருக்கிறது. ஐந்து வீட்டு ரசத்தை ஒரே அண்டாவில் ஊற்றி ருசி பார்த்தால் உப்பு தூக்கலா என்று தெரியும். எந்த வீட்டில் தூக்கல் என்று தெரியாது. ஒரே ஒரு வீட்டில் கை நிறைய அள்ளிப்போட்டிருந்தாலும் அண்டா முழுக்கக் கரிக்கும். ஆளுக்கு ஆள் எவ்வளவு மாறுகிறது என்ற தகவல் கலக்கிய நிமிஷமே போய்விட்டது. நோயாளியின் கேள்வியோ ஆளுக்கு ஆள் மாறுவதைப் பற்றியதுதான்.

மாதிரியைத் தயாரிக்கும் விதத்திலும் இதே சிக்கல். அடர்த்தி வேறுபட்ட திரவத்தில் சுழற்றி விந்தணுவைப் பிரித்தெடுத்தால் நல்ல நீச்சல்காரர்கள் அடியில் சேருவார்கள். கெட்டதுகளை வடிகட்டிவிட்டுத்தான் நோயைத் தேடுகிறோம் என்றாகிறது. அப்படிப் பிரிக்காவிட்டால் வெள்ளை அணுக்கள் கலந்துவிடும். விந்தணு குறைவாக இருக்கிற ஆணின் மாதிரியில் இந்தக் கலப்பின் பங்கு இன்னும் கூடுதல். அழற்சி சம்பந்தப்பட்ட புரதம் கூடியிருக்கிறது என்று அட்டவணை சொல்லும்போது, அது விந்தணுவுடையதா, கூட வந்த விருந்தாளியுடையதா என்று கேட்டே ஆக வேண்டும்.

எண்ணிக்கை செய்யும் மாயம்

2,000 புரதங்களை அளந்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 5 சதவீத வரம்பில் வித்தியாசம் தேடினால், உண்மையில் ஒரு வித்தியாசமும் இல்லாவிட்டாலும் சுமார் 100 புரதங்கள் வித்தியாசமாகத் தெரியும். இதைத் திருத்தப் புள்ளியியலில் வழிகள் இருக்கின்றன. பயன்படுத்தினார்களா என்று முறைகள் பகுதியில் தேடிப் பாருங்கள்.

அடுத்து அந்தச் சிலந்தி வலைப் படம். கிடைத்த பட்டியலை மென்பொருளில் போட்டால், இவை இனப்பெருக்கம், விந்தணு உருவாக்கம், ஆற்றல் உற்பத்தி ஆகியவற்றோடு சம்பந்தப்பட்டவை என்று அது சொல்லும். சொல்லாமல் என்ன செய்யும்? நீங்கள் கொடுத்ததே விந்தணுவின் புரதங்கள். மனிதப் புரதம் அனைத்தையும் பின்னணியாக வைத்து ஒப்பிட்டால், விந்தணுவிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு அள்ளிய எந்தப் பட்டியலும் இனப்பெருக்கப் பட்டியல் மாதிரிதான் தெரியும். மீன் சந்தையில் கையை விட்டு எடுத்தது மீன் என்பது கண்டுபிடிப்பு இல்லை. விந்தணுவில் பார்க்கக் கிடைத்த புரதங்களை மட்டும் பின்னணியாக வைத்தால்தான் அந்தப் படத்துக்கு அர்த்தம்.

புரதக் கோலங்களை நம்பி மருத்துவ உலகம் ஏற்கெனவே ஒருமுறை சூடுபட்டிருக்கிறது. 2002-ல் லான்செட் இதழில், ரத்தத்தின் புரதக் கோலத்தைக் கொண்டே கருப்பைப் பக்கத்துச் சினையகப் புற்றுநோயைக் கிட்டத்தட்டத் தப்பாமல் கண்டுபிடிக்கலாம் என்று ஒரு கட்டுரை வந்தது. பிறகு கீத் பேகர்லி முதலான புள்ளியியலாளர்கள் அதே தரவுகளைத் தோண்டியபோது, அந்த வித்தியாசங்களில் பல நோயிலிருந்து வந்திருக்க வேண்டியதில்லை, மாதிரிகளைக் கையாண்ட விதத்திலிருந்தே வந்திருக்கலாம் என்று காட்டினார்கள்.

கையால் தெரிவதற்கு மெஷின் எதற்கு?

இதையெல்லாம் ஒரு பேச்சுக்கு மன்னித்துவிடுவோம். மாதிரிகள் சரி, கணக்கு சரி, புரதப் பட்டியல் தங்கம் என்றே வைத்துக்கொள்வோம். அதை வைத்து என்ன செய்வது?

இவருக்கு வெரிகோசீல் என்று சொல்லவா? அதை டாக்டர் நோயாளியை நிற்கவைத்து, மூச்சைப் பிடித்து முக்கச் சொல்லி, கையால் தொட்டே சொல்லிவிடுவார். அதற்குக் கோடிக்கணக்கான ரூபாய் மெஷின் வேண்டாம். கைக்குத் தட்டுப்படாமல் ஸ்கேனில் மட்டும் தெரிகிற வெரிகோசீலுக்கு ஆபரேஷன் பரிந்துரைக்க வேண்டாம் என்றே அமெரிக்கச் சங்கங்களின் 2020 வழிகாட்டி சொல்கிறது. அப்படியானால் புரதம் வேறு ஏதாவது சொல்ல வேண்டும்.

குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதியின் கேள்வி ஒன்றே ஒன்று. ஆபரேஷன் செய்தால் எங்களுக்குப் பலிக்குமா?

2011-ல் வந்த அப்தெல்-மெகீத் குழுவின் சோதனையில் 145 ஆண்கள். கைக்குத் தட்டுப்படும் வெரிகோசீல், விந்துப் பரிசோதனையிலும் குறை. குலுக்கல் முறையில் பிரித்துச் சிலருக்கு ஆபரேஷன், சிலருக்கு வெறும் கவனிப்பு. ஒரு வருஷத்தில் இயற்கையாகக் கர்ப்பம் தரித்தது ஆபரேஷன் பக்கம் 32.9 சதவீதம், கவனிப்புப் பக்கம் 13.9 சதவீதம்.

இதை நூறு பேர் கணக்காக மாற்றிப் பாருங்கள். நூறு பேருக்கு ஆபரேஷன் செய்தால் 33 பேர் வீட்டில் நல்ல சேதி. அதில் 14 பேருக்கு ஆபரேஷன் இல்லாமலும் சேதி வந்திருக்கும். 67 பேருக்கு அந்த ஒரு வருஷத்தில் ஆபரேஷன் செய்தும் வரவில்லை. கத்தி வைத்ததால் மட்டுமே பலன் பெற்றவர்கள் 19 பேர்.

எல்லாச் சோதனைகளும் இப்படிச் சொல்லவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. 1998-ல் ஜெர்மனியில் நீஷ்லாக் குழு, வெறும் ஆலோசனையும் சிகிச்சையும் கிட்டத்தட்ட ஒரே பலனைத் தந்ததாகச் சொன்னது. 2012-ல் காக்ரேன் ஆய்வு பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, கூடுதலாக ஒரு கர்ப்பத்துக்குச் சுமார் 17 பேருக்குச் சிகிச்சை தேவை என்று கணக்குப் போட்டது. நூற்றுக்கு 6 பேர். 2021-ல் அதைப் புதுப்பித்தபோதும் சான்றுகள் வலுவானவை அல்ல என்றே எழுதினார்கள். 19 ஆகட்டும், 6 ஆகட்டும், யாரைச் சோதனையில் சேர்த்தோம் என்பதைப் பொறுத்து எண் இப்படி ஊசலாடுகிறது. பலன் பெறுகிறவர் ஒரு தனி ரகம் என்பதற்கான அறிகுறியாகவே எனக்கு இது படுகிறது.

அந்த 19 பேர் யார்? விந்தணுப் புரதம் உதவ வேண்டிய இடம் இது.

இதைக் கண்டுபிடிக்க, ஆபரேஷனுக்கு முன்பும் பின்பும் புரதத்தை அளந்தால் போதாது. ஒரே ஆணின் விந்து எண்களே மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும். எண் மோசமாக இருக்கும் நாளில்தான் அவர் நோயாளியாகச் சேர்கிறார். ஒன்றுமே செய்யாவிட்டாலும் அடுத்த முறை கொஞ்சம் மேலே வரும். ஒரு விந்தணு விதையில் உருவாகவே சுமார் 74 நாள் ஆகும். அதனால் மூன்று மாதம் கழித்துப் பார்க்கிறார்கள், நல்லாயிருக்கிறது என்கிறார்கள். அது ஆபரேஷனின் பலனா, ஏற்ற இறக்கமா? கர்ப்பம் தரித்தவர்களின் புரதத்தை மட்டும் எடுத்துப் பார்த்தாலும் அந்த 14 பேரும் 19 பேரும் ஒரே கூட்டத்தில் கலந்துதான் நிற்பார்கள்.

ஒரே வழி, குலுக்கலுக்கு முன்பே எல்லாருடைய விந்தணுவையும் எடுத்துவைத்துப் புரதத்தை அளப்பது. பிறகு ஒரு பக்கம் ஆபரேஷன், ஒரு பக்கம் காத்திருப்பு. குறிப்பிட்ட புரதம் குறைவாக இருந்தவர்களுக்கு ஆபரேஷன் பக்கம் மட்டும் பலன் கூடினால், அதுதான் வழிகாட்டிப் புரதம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கூடினால் அது வெறும் அதிர்ஷ்டசாலிகளின் அடையாளம்; ஆபரேஷனைத் தீர்மானிக்க உதவாது.

இது கற்பனை ஆசை இல்லை. கேள்வியைச் சரியாகப் பிடித்தால் புரதம் வழிக்கு வரும் என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. விந்தில் அணுவே இல்லாத ஆண்களுக்கு, குழாய் அடைப்பா, விதையே உற்பத்தி செய்யவில்லையா என்று அறிய விதையில் ஊசி போட்டுச் சதை எடுப்பது வழக்கம். 2013-ல் கனடாவின் டொரோண்டோவில் டிராபோவிச், ஜார்வி, டயமாண்டிஸ் குழு, விந்துநீரில் டெக்ஸ்101, ஈசிஎம்1 என்ற இரண்டே புரதங்களை வைத்து இதைப் பிரித்துக் காட்டியது. அவர்கள் முதலில் தேர்ந்தெடுத்தது டாக்டர் நிஜமாகவே திணறுகிற ஒரு முடிவை. புரதத்தைத் தேடியது அதற்குப் பிறகு. வெரிகோசீல் கட்டுரைகள் பட்டியலை முதலில் எடுத்துவிட்டு, கடைசிப் பத்தியில் அதற்கு ஒரு வேலை தேடுகின்றன.

இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

மனைவிக்கு 25 வயது என்றால் ஆபரேஷன் செய்துவிட்டு ஒரு வருஷம் காத்திருந்து பார்க்கலாம், பெரிய நஷ்டமில்லை. 37 வயது என்றால் அந்த ஒரு வருஷம் ஆணின் சிரையிலிருந்து கழிவதில்லை, பெண்ணின் கருமுட்டையிலிருந்து கழிகிறது. மாறாக, 19 பேரில் ஒருவராக இருக்கக்கூடியவருக்கு ஆபரேஷனைச் சொல்லாமல் நேரே ஐ.வி.எஃப்.புக்கு அனுப்பினால், ஊசியும் மருந்தும் செலவும் முழுக்க அவள் உடம்பின்மேலும் அவர்கள் சேமிப்பின்மேலும் விழுகிறது. ஆணின் பிரச்சினைக்குக்கூட வைத்தியம் பெண்ணுக்கு என்பது இப்படித்தான் நடக்கிறது. ஆகவே இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தால் அதன் மதிப்பு மிகப் பெரியது. அதனால்தான் பட்டியலோடு நின்றுவிடுகிற கட்டுரையைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

நாளைக்கு ஒரு லேப் வெரிகோசீல் புரதப் பரிசோதனை என்று ஒன்றை நீட்டினால் இரண்டு கேள்வி கேளுங்கள். இது யாரோடு யாரை ஒப்பிட்டு வந்தது? இந்த ரிசல்ட் எப்படி வந்தால் ஆபரேஷன் வேண்டாம் என்பீர்கள்? இரண்டாவதற்குப் பதில் இல்லை என்றால், அந்தப் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, விந்துப் பரிசோதனையை இன்னொரு முறை செய்துகொண்டு, ஆண்கள் மருத்துவம் தெரிந்த ஒரு டாக்டரிடம் மனைவியின் வயதையும் சேர்த்துச் சொல்லிப் பேசுவது மேல்.

அடுத்து இந்தத் துறையில் ஒரு கட்டுரை கைக்கு வந்தால் நான் வலைப்படத்தைப் பார்க்கப்போவதில்லை. யாரைச் சேர்த்தார்கள் என்று சொல்லும் முதல் அட்டவணைக்குத்தான் போவேன். வெரிகோசீலும் இருந்து, குழந்தையும் இருக்கிற அந்த ஆண் அங்கே ஒரு வரியாக இருந்தால், மிச்சத்தை உட்கார்ந்து நிதானமாகப் படிப்பேன்.